ஒரேயொரு இழுவை

இல்லைத் தம்பி, பெட்டியை என்ர கையில தராதையும். உம்மட சேட்டுப் பொக்கற்றுக்கையே இருக்கட்டும். கோவிக்காதையும். சிகரெட்டை விட்டுப் பத்துப் பன்னிரண்டு வருசமாச்சு. எண்டாலும் அந்தப் பெட்டியைக் கண்டால் விரல் தன்ர பாட்டில விரியுது.

கொஞ்சம் அங்கால வாரும். குசினியில பொம்பிளையள் நிக்கினம்.

எத்தினை தரம் விட்டிருப்பன் எண்டு நினைக்கிறீர்? அம்மனுக்கு நேர்த்தி வச்சு விட்டன். பொங்கல் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கேக்கையே பத்தியாச்சு. கராம்பு சப்பிப் பாத்தன், நாக்கு வெந்ததுதான் மிச்சம். நெல்லு வெட்டு முடிய விடுறன் எண்டன். எந்தப் போகத்து வெட்டு எண்டு ஆரும் கேக்கேல்லை. சிரியும், சிரியும். என்ர மனுசி கமலாட்சியும் அப்ப சிரிச்சவா.

பேந்து எப்பிடி விட்டனீங்கள் எண்டோ? மகன் விதுசனாலதான். கடைக்கு அவனைத்தான் விடுறனான். ஒருநாள் வாங்கின பெட்டியை மூக்கில வச்சு மணந்துகொண்டு வாறான். ஒன்பது வயசு. நல்ல வாசமப்பா எண்டான். அண்டையோட சரி. பிறகு ஜெயபுரம் முழுக்க என்ர பெருமைதான். என்ர பெடியன் உதைத் தொடவே மாட்டான் எண்டு.

இந்தா வாறம், கமலாட்சி!

இலை போட்டாச்சாம். றால் பொரிச்சிருக்கு, மரவள்ளி அவிச்சிருக்கு, அவன் குடிக்கிற சோடாவும் வச்சாச்சு. ஆள் போய் எட்டாம் நாள் அவனுக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கிறதுதானே எட்டுச் செலவு. நீர் வாகனம் திருத்துற கராச்சில அவனோட ஒண்டா வேலை செய்த ஆள். அவனுக்கு இதுவும் பிடிக்கும் எண்டு கொண்டந்திட்டீர். பிழையில்லை. லொறி அடிச்ச அண்டைக்கும் பொக்கற்றுக்கை இருந்ததாமே. நீர் சொல்லாட்டி எனக்கு இண்டைக்கும் தெரியாது.

தேப்பன்தான் பத்த வச்சு வைக்கவேணும் எண்டுறீர். இழுக்காமல் எப்பிடித் தம்பி பத்த வைக்கிறது? ஒரு இழுவை காணும், பழையபடி தொடங்கிப்போடுவன்.

சரி, அதைக்கூட விடும். இவ்வளவு காலமும் என்னட்ட ஒளிச்சுப் பத்தினவன். எனக்கு முன்னால அவன் தொடான்.

நீரே பத்தி இலையில வையும். கமலாட்சி கேட்டால் நான்தான் சொன்னனான் எண்டும். அவன் பத்தி முடிக்குமட்டும் நான் படலைக்கு வெளியில நிக்கிறன்.