சுவருக்கு அந்தப் பக்கம் போன ரயில்

நான் இந்த வழக்கின் புகார்தாரரது உடன்பிறந்த தம்பி. வயது ஐம்பத்திரண்டு. லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். புகார்தாரரின் முகவரிதான் என் முகவரியும். நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, வாசல் தனித்தனி. என் மீதான புகாரை சப்-இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். சுவரில் இரண்டு துளைகள் போட்டது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் புகாரில் "விளையாட்டுச் சாமான்" என்று எழுதியிருப்பதை முழுமையாக மறுக்கிறேன்.

என்னுடையது மாதிரி ரயில்பாதை. எஞ்சின் என் முழங்கை நீளம் இருக்கும். தண்டவாளம் பித்தளை, கட்டைகள் தேக்கு, நடுவில் கொட்டியிருக்கும் ஜல்லியை மாவு சலிக்கும் சல்லடையில் நானே சலித்தேன், அந்தச் சல்லடை விஷயமாக என் மனைவியுடன் ஏற்பட்ட தகராறு இந்த வழக்கில் சேராது. பெட்டிகளின் ஜன்னல் ஷட்டர்கள் ஏறி இறங்கும். கார்டு பெட்டியில் கார்டுக்கு ஒரு நாற்காலி உண்டு, அதில் ஒரு கால் ஆடும், உண்மையான கார்டு பெட்டியில் ஏறிப் பார்த்துவிட்டு அப்படியே செய்தேன். இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். தேவை என்று சொன்னேன்.

பாதை இருக்கும் அறை முன்பு ஒரே பெரிய கூடமாக இருந்தது. எங்கள் அப்பா தச்சு வேலை செய்த அகலமான சிமெண்ட் மேடை அதன் நடுவே நீளமாகப் போகும். அப்பா போன பிறகு கொல்லைக் குழாய் யாருக்கு என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் வார்த்தை தடித்தது. அதன் பிறகு அந்த மேடையின் மேலேயே சுவர் எழுப்பினோம், பாதி மேடை அவர் பக்கம் போயிற்று. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர், அந்தப் பக்கத்தைப் பெயின்ட் டப்பாக்கள் வைக்க உபயோகித்து வந்தார்.

பெரிய எஞ்சின் சின்ன வளைவில் திரும்பாது, தடம் புரண்டுவிடும். எனக்குத் தேவையான வளைவு என் பக்கத்து மேடைக்குள் அடங்கவில்லை. சுவர் மட்டும் இல்லையென்றால் அழகாக அடங்கும். அப்போது என் மனைவி, "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்களேன்" என்றாள். பேசாத மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று நான் சுவரைத் துளைத்தேன். அதன் பிறகு வளைவை முழுதாக ஒரு பலகையில் செய்து, ஒரு துளைக்குள் தள்ளி மறு துளை வழியாக அதன் நுனியை வாங்கினேன். மேடையோடு மேடையாக, மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. இதை வேறு யாராவது செய்து காட்டட்டும் பார்க்கலாம்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் சின்ன எஞ்சினில் சரக்கு வண்டி ஓட்டினேன். ஒரு துளையில் போகும், மறு துளையில் வரும். குனிந்து பார்த்தால் பெயின்ட் டப்பாக்கள் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒருநாள் அண்ணி என் மனைவியிடம், "இன்னிக்கு ஏன் வண்டி லேட்டு?" என்று கேட்டிருக்கிறார். அதை அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பல வருடமாகச் செய்த பெரிய எஞ்சினையும் நீளப் பயணிகள் பெட்டிகளையும் முதல் தடவையாக ஓட்டினேன். துளைக்குள் போனது. திரும்பி வரவில்லை. உடனே துளையில் வாயை வைத்து, "எடுத்து வெச்சுக்கிட்டீங்களா? திருட்டுத்தனம் பண்ண வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். மறுநாள் அண்ணன் இந்தப் புகாரைக் கொடுத்தார். அதன் பிறகு எஞ்சினைக் காணவில்லை என்று நானும் ஒரு புகார் கொடுத்தேன்.

இன்று காலை சப்-இன்ஸ்பெக்டர் என்னையும் அழைத்துக்கொண்டு போய் அண்ணன் வீட்டு அறையைத் திறக்கச் சொன்னார். அண்ணன் கதவருகில் நின்று, "உள்ள ஒண்ணும் இல்லைங்க" என்றார். அண்ணி அவரை நகர்த்திவிட்டுத் திறந்தார்.

உள்ளே என் வளைவை ஒட்டி ஒரு ரயில் நிலையம் இருந்தது. நடைமேடை, ஓட்டுக்கூரை, தண்ணீர்க் குழாய், இரண்டு பெஞ்சுகள், எல்லாம் அட்டையிலும் மரச் சிம்பிலும் செய்தவை. பெயர்ப்பலகையில் மஞ்சள் மேல் கறுப்பில், அரிசி அளவு எழுத்தில், "குண்டூசிபுரம்" என்று எழுதியிருந்தது. சின்ன வயதில் நான் ஒல்லியாக இருந்ததால் அண்ணன் என்னைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார், வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த எழுத்தைப் போல நேர்த்தியான எழுத்தை உண்மையான ரயில் நிலையத்தில்கூட நான் பார்த்ததில்லை. என் அண்ணன் எழுதியது என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

என் எஞ்சின் நடைமேடையில் சிக்கி நின்றது. நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது அதன் இடுப்பு உள்பக்கம் தள்ளும், அதற்கு இடம் விட்டுத்தான் நடைமேடை கட்ட வேண்டும். அண்ணன் என் குட்டைச் சரக்கு வண்டியைப் பார்த்து அளவெடுத்திருக்கிறார். இழுத்தால் உடைந்துவிடுமோ என்று தொடாமல், தூசி விழாதபடி அண்ணியின் பட்டுப்புடவைத் துண்டால் மூடி வைத்திருந்தார்.

நான், "நடைமேடை ரொம்ப ஒட்டி இருக்குண்ணே" என்றேன். அதற்கு அண்ணன், "தெரியும்டா. உன் வண்டியக் கெடுத்துட்டேன்னு எப்படிச் சொல்றது? அதுக்குள்ள திருடன்னு வேற கத்திட்ட" என்றார்.

என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அண்ணனும் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார், நாங்கள் இருவரும் போய் நடைமேடையைச் செதுக்க வேண்டும். துளைகளை அடைக்கும்படி உத்தரவு எதுவும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னது, நடந்தது. படித்துக் காட்டக் கேட்டேன். "விளையாட்டுச் சாமான்" என்ற சொல்லை அண்ணன் பேனா வாங்கித் தன் புகாரில் தானே அடித்துவிட்டார்.

ஒப்பம்: புகார்தாரரின் தம்பி
சாட்சி ஒப்பம்: புகார்தாரர்