டெல்மர் வச்ச தீயும் என் குட்டைப் பாசியும்

...தீ வச்சவன் அவன், ஓடை நாறுறது எனக்கு! நீயே சொல்லும்மா, இது நியாயமா? ...நீ சுரண்டு, சுரண்டு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். யுனிவர்சிட்டியில அத்தனை வருஷம் படிச்சுட்டு, ஓடையை ஆராயுறேன்னு வந்து, பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால ஓடைக்கல்லுல பாசி தேய்க்கிறே... உங்கம்மாவுக்குத் தெரியுமா இது?

டெல்மரைப் பாத்திருப்பே, மேல்பக்கத்துப் பண்ணைக்காரன். முப்பது வருஷமா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வேலி. ஏப்ரல் வந்தா கான்சாஸ்ல எல்லாரும்தான் மாட்டுக்குப் புதுப்புல்லு முளைக்கட்டும்னு காஞ்ச புல்லைக் கொளுத்துறோம், இல்லேங்கல. போன வருஷம் இவன் ஓடைக்கரை வரைக்குமில்ல கொளுத்துனான்! தண்ணி மேல சாஞ்சிருந்த புதரெல்லாம் போச்சு. நிழல் போச்சுன்னா வெயில் நேரா உள்ள... பாசி சும்மா இருக்குமா? போன கோடையில ஓடையே நின்னுபோய் அங்கங்க குட்டையாக் கெடந்துச்சு. அதுக்கும் அவன்தான் காரணம்னு நான் சொல்லல... நோரீன்கிட்ட மட்டும் சொன்னேன். "ஏன் ஹார்லன், மழை பெய்யாததுக்குமா டெல்மரு?"ங்கிறா. பொண்டாட்டின்னா நம்ம பக்கம் நிக்க வேணாமா?

அப்புறம் இந்த வருஷம் மே மாசம் மழை கொட்டுச்சு பாரு! வெள்ளம் கல்லையெல்லாம் புரட்டிக் கழுவின தட்டாட்டம் வெச்சுட்டுப் போச்சு. விட்டது சனியன்னு நெனச்சேன். ரெண்டே வாரம்மா, மறுபடியும் பச்சை! இப்போ முழ நீளத்துக்கு, தலைமுடியாட்டம்... பம்பு அடைச்சுக்குது. அறுபது மாடும் தண்ணியில்லாம என்னையே மொறைக்குது.

அதான் எங்க ரெண்டு பண்ணைக்கும் நடுவுல இருக்கிற கேட்டுக்குச் சங்கிலி போட்டேன். அவன் மாட்டை ஆறு மைல் சுத்தி ஓட்டிக்கட்டும்! ஒரு மாசமாப் பேச்சில்ல. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கும் வர்றதில்ல. வரலேன்னா போறான், எனக்கென்ன... சீட்டாட ஆளில்ல, அவ்வளவுதான். எல்லாம் அவன் தீயாலதான்னு நீ ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு, போதும்.

என்ன... எங்க கை காட்டுறே? டெல்மர் பக்கத்துக் குட்டையா? அட, கல்லு தெரியுதே! அதே தீ, அதே வெயில், அதே வெள்ளம்... அங்க மட்டும் எப்பிடி? எது, விரல் நீளத்துக்குக் கல்லை உரசிக்கிட்டுத் திரியுதே, அந்த மீனா? அதுவா பாசியைத் திங்குது? இத்தினியூண்டா? ஏ அப்பா... மாடு கெட்டுது போ, என்னமா மேயுது!

என் குட்டையிலயும் கெடந்துச்சும்மா இது. வெள்ளம் வடிஞ்சதும் கூட்டங்கூட்டமா வந்துச்சு. இப்போ ஒண்ணைக்கூடக் காணோம். எங்க போயிருக்கும்...

...ம். இல்ல, ஒண்ணுமில்ல. அது வந்து... ஜூன்ல மச்சினன் ஏரியில பிடிச்ச பாஸ் மீனு, இத்தாம் பெரிய வாயி, வாளியில உசுரோட கொண்டாந்தான். வீட்டு வாசல்லயே தூண்டில் போடலாமேன்னு... இந்தக் குட்டையில விட்டேன். ரெண்டே ரெண்டு! நல்லாத்தான் கொழுத்திருக்குங்க. எதைத் தின்னு கொழுக்குதுன்னு நான் யோசிக்கல.

சிரிக்காதே. அட, சிரிக்காதேங்கிறேன்!

ஏம்மா, பாட்டிலெல்லாம் எடுத்து வெக்கிறே, கெளம்பிட்டியா? டெல்மர் வீட்டு வழியாத்தானே போவே? பொறு, பொறு! அவன்கிட்ட வாயைத் தெறந்துடாதே. நானே போறேன். அந்த ரெண்டு தடியனையும் இன்னிக்கே பிடிச்சு, நோரீன்கிட்ட மக்காச்சோள மாவுல பொரட்டிப் பொரிக்கச் சொல்லி, சூடாக் கொண்டுபோய் அவன் மேசையில வெக்கிறேன். மன்னிப்புக் கேக்கிறதெல்லாம் எனக்கு வராதும்மா. பக்கத்துல உக்காந்து முள்ளு எடுத்துக் குடுக்கறேன். அவன் புரிஞ்சுக்குவான்.