இடது பின் கதவு

இல்ல பாய், மழ வரும்னு சொல்லல, வந்தாலும் வரும்னுதான் சொன்னேன். மேக்க மல மேல பாருங்க, மூட்டம் போட்டிருக்குல்ல. நீங்க மொதல்ல ஒக்காருங்க. அந்த டின்னு மேல வேணாம், கீறலத் தேய்க்கிற காம்பவுண்டுப் பச ஒட்டிக்கிட்டா வேட்டியில போகாது. இந்தப் பெஞ்சியில ஒக்காருங்க.

பானெட்டப் பாத்தீகளா. ஒங்க மொகம் தெரியுதா. தாடியில எது நர எது கறுப்புன்னு பிரிச்சுச் சொல்லலாம். நாளைக்கு மாப்ள ஊர்வலத்துல கேஸ்லைட்டு வெளிச்சம் இது மேல விழுகட்டும், அப்பச் சொல்லுங்க சீனிச்சாமி என்னா செஞ்சிருக்கான்னு. கொண்டாந்து நிறுத்தயில எப்பிடி இருந்துச்சு. காரு வாங்கியாந்தியா அத்தா, எரும வாங்கியாந்தியான்னு கல்யாணப்பொண்ணு, ஒங்க மக மெஹ்ராசே கேட்டுச்சாமே. கறுப்பு அம்பாசிடருன்னா அப்பிடித்தான். அழுக்கானா எரும, தொடச்சா கண்ணாடி.

அந்தக் கதவுதான. தெரியுது பாய். வந்ததுலருந்து அதயேதான் பாக்குறீக. இடது பக்கம், பின் கதவு. அது ஒண்ணுதான் பாக்கி. செய்யத்தான் போறேன். வெயிலு எறங்கட்டும்னு பாத்தேன். தகரம் சூடா இருக்கயில தேய்க்கக் கூடாது, காம்பவுண்டு வெரசாக் காஞ்சு அதுவே கீறிவிட்ரும். ஆமா, கொட்டகைக்குள்ளதான் நிக்கிது. வெயிலு படலதான்.

துணி வேற மெத்துன்னு வேணும். புதுத்துணி ஆகாது, நைஞ்சுபோன வேட்டியா இருக்கணும். ஆமா, நேத்து ஒங்க வீட்லருந்து ஒரு மூட்ட குடுத்துவிட்டாக. அந்தா கெடக்கு. அதயும் மறந்துட்டேன் பாருங்க.

கோவிச்சுக்காதீக. சொல்றேன். காருல கீறல் விழுந்தா மொதல்ல நகத்த வச்சு இழுத்துப் பாக்கணும். நகம் மாட்டுச்சுன்னா ஆழம். அது எங்கையில இல்ல, பட்டறயில விட்டுப் பெயின்ட்டுத்தான் அடிக்கணும். நகம் வழுக்கிட்டுப் போச்சுன்னா மேலாக்க கெடக்குறது. கழுவித் தூசி இல்லாம தொடச்சிட்டு, காம்பவுண்டக் கொஞ்சமாத் தொட்டு, அமுக்காம நேரா இழுத்துத் தேய்க்கணும். அப்பறம் மெழுகு போட்டு, வெளுத்துக் காயவும் தொடச்சா முடிஞ்சுச்சு. கீறலு போயிருச்சும்பாக. கீறலு எங்க போகும் பாய். அதச் சுத்தி இருக்குற பெயின்ட்டத்தான் அது மட்டத்துக்குத் தேச்சு எறக்குறோம். நல்லா இருக்குறது கொறஞ்சாத்தான் கீறலு மறையும்.

மத்த பக்கமெல்லாம் உண்ணிச்செடிக் கீறலு. ஏலக்காட்டு ரோட்டுல ஆளு நடமாட்டம் இல்லேன்னா ரெண்டு பக்கமும் செடி சாஞ்சிரும், உரசிக்கிட்டேதான் வண்டி எறங்கணும். அதெல்லாம் முன்னேயிருந்து பின்னே கோடு போட்ட மாதிரி போகும். இந்தக் கதவுல பாருங்க, கண்ணாடிக்குக் கீழ. கோடு இல்ல. மூணாம்பெற மாதிரி சின்னச் சின்ன வளைவு. ஒண்ணு மேல ஒண்ணு.

நாயா. நாயி அவ்வளவு ஒசரத்துல பெராண்டாது பாய்.

ஆமா, தெரியும். எனக்கு இந்தக் காரத் தெரியும். போடிமெட்டுக்கு மேல அந்த எஸ்டேட்டுலதான் சோலி பாத்தேன். நாந்தான் இதக் கழுவுவேன், பாலீசு போடுவேன். எஞ்சம்சாரம் வேலுத்தாயி அங்கேயே ஏலக்காயெடுக்கப் போவா. ஏஞ் சொல்லலேன்னா, நீங்க கேக்கல. கேட்டிருந்தாலும் கல்யாண வீட்டுக்காரககிட்ட என்னான்னு சொல்றது. படுதா போட்டு மூடியே வச்சிருந்தாக, அதான் சல்லிசாக் குடுத்தாகன்னு நீங்களே சொன்னீக. ஏன் மூடி வச்சாகன்னு ஒங்ககிட்டச் சொல்லல போல.

பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல பாய். ஆக்சிடெண்டு எல்லாம் இல்ல. வண்டி நல்ல வண்டி.

ஒங்க வீடுகள்லயும் ஏழாம் மாசம் பிள்ளத்தாச்சிக்கு வளையல் போடுவீகள்ல. வேலுத்தாயிக்கும் போட்டோம். அவுக ஆத்தா சிலமலையிலருந்து ஏறி வந்து, ரெண்டு கை நெறையக் கண்ணாடி வளையலு. பிள்ள பெறுற மட்டும் கழட்டக் கூடாதும்பாக. அந்தக் கையோடயே காட்டுக்குப் போயி மத்தவகளோட வரிசையா நெரவயில நின்னு காயெடுத்தா. ஏலச்செடிக்குள்ள எங்க நிக்கிறான்னு சத்தத்த வச்சே கண்டுக்கிறலாம்னு மத்த பொம்பளைக கேலி பண்ணுவாக.

ஒருநா மத்தியானம் செடிக்குள்ளயே ஒக்காந்துட்டா. ஒதுரப்போக்கு நிக்கல. மொதலாளி நல்ல மனுசன், காரக் குடுத்தாரு. மொக்கையன்தான் டிரைவரு. பின்னாடி சீட்டுல இந்தக் கதவுல சாஞ்சு காலு நீட்டிப் படுத்துக்கிட்டா. எனக்கு எடமில்ல, முன்னாடி ஒக்காந்தேன். மூச்சு முட்டுது, காத்து வேணும்னு கைய வெளிய போட்டுக்கிட்டா. வண்டி ஒவ்வொரு வளைவுலயும் சாயச் சாய, வளையலு கதவுல கிணுக்கு கிணுக்குன்னு விழுகுது. நான் முந்துன நாளுதான் பாலீசு போட்டிருந்தேன்.

மொக்கையனுக்கு மொதலாளி பயம். கைய உள்ள வையாத்தா, பெயின்ட்டுல கீறுதுன்னான். அவ சிரிச்சா பாய். அந்த நெலமயிலயும் சிரிச்சா. கீறுனா கீறட்டும்ணே, எங்காளு சும்மாதான இருக்காரு, தேச்சுக் குடுப்பாருன்னா.

மல எறங்கயில புலியூத்து தாண்டவும் பேச்சு இல்ல. திரும்பிப் பாத்தேன், கண்ண மூடியிருந்தா. வளையச் சத்தம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதக் கேட்டுக்கிட்டே வந்தேன். ஆளு இருக்கா, கைய ஆட்டிக்கிட்டுத்தான் வர்றான்னு. அடிவாரத்து முந்தலு தாண்டி, போடி பெரியாஸ்பத்திரி வாசல்ல வண்டி நின்னுச்சு. சத்தமும் நின்னுபோச்சு.

வண்டிதான் ஆட்டியிருக்கு பாய் அவ கைய. எந்த வளைவுலருந்துன்னு எனக்குத் தெரியல. மொக்கையனக் கேட்டேன், அவனும் தெரியலண்ணேன்னு அழுதான்.

பெறகு மொதலாளி வீட்டுப் பொம்பளைக அந்தக் காருல ஏற மாட்டேன்னுட்டாக. மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவியும் கேக்கல. நான் அன்னைக்கு மல எறங்குனவன், அங்கிட்டு ஏறவே இல்ல. நீங்க கொண்டாந்து நிறுத்துறீக, இந்தக் கதவப் பாக்குறேன், கீறலு அப்பிடியே இருக்கு.

நேத்துலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இந்த வளைவுல பாதி அவ தட்டுனது, பாதி வண்டி தட்டுனது. எது எதுன்னு பிரிக்க முடியல. பிரிக்க முடிஞ்சா ஒண்ணே ஒண்ண விட்டுட்டு மிச்சத்தத் தேச்சிருவேன்.

வேணாம் பாய், அப்பிடிச் சொல்லாதீக. விட்ருன்னு நீங்க சொல்லுவீகன்னுதான் வாயவே தொறக்காம இருந்தேன். மாப்ள எறங்குற கதவு அது. போட்டா எடுப்பாக. காலத்துக்கும் மெஹ்ராசுப் பிள்ளயோட கல்யாணப் படத்துல கெடக்கவா அது. தேச்சுக் குடுப்பாருன்னு அவளும் சொல்லிட்டுத்தான போனா.

அந்த ஈரத்துணிய இப்பிடிக் கொண்டாங்க. இங்க வந்து நீங்களும் ஒருக்க நகத்த வச்சு இழுத்துப் பாருங்க. மாட்டுதா. மாட்டல்ல. நானும் எல்லாத்தயும் இழுத்துப் பாத்துட்டேன் பாய். ஒண்ணாச்சும் மாட்டியிருந்தா, இது எங்கையில இல்லேன்னு சொல்லியிருப்பேன்.