அலமாரிக்குள் எண்பது டிகிரி

ஐந்தாவதோடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பேர். ஒருவர் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர், மற்றவர் அவருடைய சிநேகிதர்.

டிசைன்காரர் சொன்னார்: "புது கம்ப்யூட்டருபா. பத்து நிமிஷத்துல பிராசஸர் எம்பது டிகிரி ஏறி, தானா அணைஞ்சிடுது. வெள்ளிக்கிழமை டிசைன் குடுக்கலன்னா ஆர்டரு என் சகலைக்குப் போயிடும்."

"ஃபேன் சுத்துதா?"

"சுத்துது. சூடு இறங்க பிராசஸர் மேல தடவுற பேஸ்ட்டும் புதுசா தடவியாச்சு. சகலையும் அதே கடையிலதான் வாங்கினான், அவனுது மட்டும் ஜில்லுனு ஓடுது. கடைக்காரன் அவனுக்கு நல்லதா பார்த்துக் குடுத்துட்டான்."

"பெட்டிய எங்க வச்சிக்கினு இருக்க?"

"அலமாரிக்குள்ள வச்சி கதவ சாத்தியிருக்கேன். சகலை பார்த்தா கண்ணு வச்சிடுவான்."

"அப்புறம் காத்து எப்படிபா போவும்? அவன் எங்க வச்சிருக்கான்?"

"நடுக்கூடத்துல. வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்கான்."

"நீயும் கதவத் திற."



"சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் திறந்து வைக்கறேன். அதுவரைக்கும் அவன் எங்க வீட்டுப் பக்கம் வரக்கூடாது. எம் பொண்டாட்டிய அவ தங்கச்சிகிட்ட ஒரு சண்டை போடச் சொல்றேன்."

கேட்டது ஆவணியில். எழுதியது 14.11.2003.