சிவக்காத கை

விடியற்காலை நாலரை மணி. மலை ஏரிக்கு இறங்கும் மண்பாதை. அந்த நேரத்தில் அதில் நடப்பவன் ஒருவன்தான்...

பொறுங்கள், பிள்ளைகளா. இது நம் குடும்பத்தில் நடந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் இப்படி ஒருவன் பிறந்ததில்லை. என்னோடு படித்து இப்போது வாத்தியாராக இருப்பவரின் பெரியம்மா வீட்டில் நடந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் அந்த ஏரியில் மீன் பிடிப்பவர்கள்.

மாலையில் வலை விரிப்பார்கள். விடியலில் ஒருவன் படகில் போய் எடுப்பான். மற்றவன் கரையில் நிற்பான். காரணம், மூடுபனி. அது இறங்கினால் கையிலிருக்கும் துடுப்பின் நுனி தெரியாது. ஏரியின் கீழ்க்கோடியில் தண்ணீர் தடுப்புச் சுவரைத் தாண்டிப் பாறையில் விழும். மலை எதிரொலிப்பதால் அந்த இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்கும். எது கரை, எது பாறை... தெரியாது.

அதனால் கரையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பனி இறங்கினால் கரையில் நிற்பவன் சுத்தியலால் அடிக்க வேண்டும். டங்... டங்... டங். படகிலிருப்பவன் துடுப்பால் விளிம்பில் இரண்டு தட்டுவான். டொக் டொக். ‘கேட்டது, உன்னை நம்பி வருகிறேன்’ என்று அர்த்தம். அதன்பின் படகு கரை சேரும்வரை நிறுத்தக் கூடாது. கை வெடித்தாலும் கூடாது.

மூத்தவனுக்குப் பெண் பேசப் போனார்கள். அந்தப் பெண் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்: “எனக்குச் சின்னவரைத்தான் பிடிச்சிருக்கு.”

மூத்தவன் சிரித்தான். “அதுக்கென்ன, நம்ம வீட்டுக்குத்தானே வரப்போறா,” என்றான். தானே முன்னின்று கல்யாணத்தை நடத்தினான். ஊரே மெச்சியது.

அந்த மாதமே, பனி இறங்கிய ஒரு காலையில் தம்பி திரும்பவில்லை. பாறைக்கடியில் எடுத்தார்கள்.

“வெளிச்சம் வர்ற வரைக்கும் கை ஓயாம அடிச்சேனே!” என்று மூத்தவன் மார்பில் அறைந்துகொண்டான். தண்டவாளத்தையும் சுத்தியலையும் படகில் ஏற்றிப் போய் நடு ஏரியில் போட்டான். “என் தம்பியக் காப்பாத்தாத இரும்பு இனி எதுக்கு?” கரையில் நின்றவர்கள் அழுதார்கள். தம்பி மனைவி மட்டும் அழவில்லை. அவன் கரையேறியதும் அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“மாமா... அவ்வளவு நேரம் அடிச்சிருக்கீங்க. உங்க கை ஏன் சிவக்கல?”

அவன் கையை உருவிக்கொண்டான். “புத்தி கலங்கிடுச்சு, பாவம்,” என்று உறவுக்காரர்கள் அவளை உள்ளே இழுத்துப் போனார்கள். குடும்ப மானமாம். மூடி மறைத்தால் அதற்குப் பெயர் மானமா? நானாக இருந்தால் அன்றே அவனை நடுவில் நிறுத்திக் கேட்டிருப்பேன். அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சரி... கேட்க வேண்டியவன் கேட்டான்.

அடுத்த வருடம். மூத்தவன் தனியாகத்தான் போவான். பனி இல்லாத நாளாகப் பார்த்துப் போவான். அந்த அமைதி அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. பறவைகள் எழும்புமுன் நடு ஏரியில் படகை நிறுத்தி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். கையைத் திருப்பிப் பார்க்க ஆளில்லாத இடம்.

அன்றும் வானம் சுத்தம். நட்சத்திரமெல்லாம் தண்ணீரில். அலை இல்லை, காற்று இல்லை. திடீரென்று நாலு பக்கமும் வெள்ளையாக எழும்பியது. பிறகு...

டங்.

“பெரியப்பா, பேய்க்கு நீச்சல் தெரியுமா?”

“தெரிஞ்சிருந்தும்தாண்டி செத்தான். வாய மூடு.”

கீழ்க்கோடிச் சுவரில் காவல் இருப்பவர் அதைக் கேட்டார். சுவருக்குப் பக்கத்திலேயே புதுத் தண்டவாளம் கட்டிவிட்டார்கள்போல என்று நினைத்தார். டங்... டங்... பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. டொக் டொக்.

சிறு வயதிலிருந்து ஊறிய பழக்கம். மனம் யோசிக்குமுன் கை தட்டிவிட்டது. உன்னை நம்பி வருகிறேன்.

துடுப்புச் சத்தம் சுவரை நோக்கி நெருங்கியது. காவலர் கத்தினார். இரும்பை நம்பி வருகிறவனுக்கு அது எங்கே கேட்கும்? படகு மிக அருகில் வந்ததும்... இரும்பு நின்றது.

அப்போது மூத்தவனின் குரல். “அடிடா... தம்பி, நிறுத்தாதடா! அடி!” டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

பிறகு பலகை உடைகிற சத்தம்.

துக்கம் கேட்க வாத்தியார் போயிருந்தார். ஊரில் சிலர் தம்பி மனைவியைச் சந்தேகித்தார்கள். பெரியம்மாவே சத்தியம் செய்தாள்: “விடிய விடிய என் கை இவ மேலதான் கிடந்துச்சு. தாழ்ப்பாளத் திறந்ததே நான்தான்.” தண்டவாளமோ ஏரிக்கடியில் கிடக்கிறது.

அவள் வாத்தியாருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கும்போது அவர் விரல் பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தார்.

அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளங்கள் உடைந்து ரத்தம். அந்த ரணத்துக்குள்... ஈரமான துரு.