ஒரு கையால் திறக்கிற கதவு

“கள்ளன் உள்ளை வராட்டில் மட்டும் காணாது. நாங்கள் வெளியிலை ஓடவும் வேணும்.”

நீர்வேலிக்குப் போகும் மினிபஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் சொன்னார். மடியில் குழந்தை நித்திரை. சண்டையில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து பார்த்தபோது வீட்டின் முன்கதவையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள் என்பது பேச்சில் விளங்கியது. இப்போது புதுக்கதவு செய்விக்க, மரவேலை செய்யும் ஓடாவியிடம் போகிறார்கள்.

“நல்ல முதிரைப் பலகை. மேலை, நடுவிலை, கீழை எண்டு மூண்டு திறாங்கு,” என்று தாழ்ப்பாள் போடுவதுபோலக் கையை அசைத்துக் காட்டினார் கணவர். “ஒருத்தனும் உடைக்கேலாது.”

“ஹெலி மேலை வந்து சுடேக்கை மூண்டையும் ஆர் இழுத்துத் திறக்கிறது? பங்கர்க் குழிக்கு ஓட வேணுமெல்லே?”

“நான் திறப்பன்.”

“நீங்கள் தோட்டத்திலை நிண்டால்?”

பெண் குரலைத் தாழ்த்தினார்.

“பழைய கதவிலை ஒரு திறாங்குதானே இருந்தது. அது ஒருநாள் இறுகிப்போச்சு. வெளியிலை ஷெல் விழுது. பிள்ளையை ஒரு கையிலை வைச்சுக்கொண்டு மற்றக் கையாலை இழுத்து இழுத்துப் பாத்தன். வரேல்லை. சத்தம் ஓயுமட்டும் பிள்ளையோடை கதவடியிலை குந்திக்கொண்டிருந்தனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீங்கள் தோட்டத்துக்குப் போகமாட்டியள்.”

கணவர் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஓடாவியோடை நீயே கதை. நீ ஒரு கையாலை திறந்து காட்டின பிறகுதான் நான் கதவை எடுப்பன்.”