ஈயம்மாவிடம் சொல்லாமல் விட்டது

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, பூசணித் தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, விதைக் கொட்டகைத் தோழியரே, மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஈயம்மாவின் கணவரே, மகளே! உங்கள் அனைவருக்கும் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியனின் வணக்கம். ஈயம்மாவின் இந்த நினைவுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஈயம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருபத்தாறு ஆண்டுகளாக என் தொண்டையில் நிற்கிறது. அதைச் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளரை ஊரே ஈயம்மா என்று அழைத்ததே, ஏன்? எல்லோரும் தேனீயை மட்டும் கொண்டாடிய காலத்தில், "மகரந்தம் சுமக்கிறதுல ஈயும்தான் பாடுபடுது, அதையும் எண்ணுங்கய்யா" என்று மன்றாடியவர் அவர் ஒருவர்தான். தையற்கடை நடத்தும் அவர் கணவர் சொல்வார்: "வேலை இல்லாதவங்க ஈ ஓட்டுவாங்க. எங்க வீட்டம்மா ஈ எண்ணியே பேர் வாங்கிட்டாங்க!" சிரியுங்கள், தவறில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் பூச்சியியல் துறையில் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி. விடிந்ததும் பூசணி வரப்பில் நடப்போம். பூவையும் காயையும் அவர் கணக்கெடுப்பார். பூவில் அமரும் தேனீக்களை எண்ணித் தாளில் எழுதுவது என் வேலை. ஆய்வு அவருடையது, கட்டுரையும் அவர் பெயரில் வந்தது. துறையில் காலியாக இருந்த ஒரே நிரந்தர வேலை அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஒரு மதியம், பிடித்து வைத்திருந்த பூச்சிகளை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தேனீக்கு நான்கு இறக்கை. இவற்றில் பலவற்றுக்கு இரண்டே இரண்டு! தேனீயைப் போலவே மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்ட ஈக்கள். தேனீ என்று நான் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு ஈ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாருக்குத் தெரியப் போகுது? பேசாம விடுங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு போச்சே சார்" என்றார். அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினார்.

அந்த வேலைக்கான நேர்காணலில் குழுவினர் அவரிடம் கேட்டார்கள், "எண்ணினது யாரு?" கதவு திறந்தே இருந்தது. அடுத்து என் முறை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "ஆய்வு என்னோடது. தப்பும் என்னோடதுதான்" என்றார் அந்தப் புண்ணியவதி. நான் எழுந்தேனா? வாயைத் திறந்தேனா? இல்லை! வேலை எனக்குக் கிடைத்தது.

அவர் எங்கே போனார்? விதைக் கொட்டகைக்குப் போனார். ஒன்பது ஆண்டுகள், கையில் தூரிகையோடு, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவும் வேலை. இதோ அமர்ந்திருக்கும் தோழியரோடு தோளுக்குத் தோள் நின்று செய்தார். "ஒரு ஈ ஒரு நிமிஷத்துல செய்யுறதை நாங்க இடுப்பொடியச் செய்யுறோம்" என்று அங்கிருந்துதான் தன் ஆய்வையே மறுபடி தொடங்கினார். நாற்பது வயதில் தற்காலிக ஆய்வாளராகத் திரும்பி வந்தார், அதுவும் என் கீழ்! ஒரு சொல் குத்திப் பேசியதில்லை.

காலையில் மருந்தடிக்கப் போன ஒருவரை வரப்பில் மறித்தார். "ஈக்கு வக்காலத்து வாங்க வந்துட்டியாம்மா?" என்று அவர் எகிறினார். "ஈக்கு இல்லண்ணே, உங்க காய்க்கு. பூ மூடட்டும், சாயங்காலமா அடிங்க." அந்த அண்ணன் இதோ, கடைசி வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இன்று நாற்பது தோட்டங்களில் காலையில் மருந்து இல்லை.

அவர் குள்ளம், நான் நெட்டை. ஓய்வுபெற்ற பிறகும் நான் தினமும் ஆய்வகத்துக்குப் போவேன். நுண்ணோக்கி முன்னால் இருக்கும் முக்காலியை அவர் இறக்கி வைப்பார், நான் முணுமுணுத்தபடி ஏற்றுவேன். இரண்டு வாரமாக அது நான் வைத்த உயரத்திலேயே நிற்கிறது. எத்தனை முறை சலித்துக்கொண்டேன்! ஒரே ஒரு காலை, நான் உள்ளே நுழையும்போது அது தாழ்ந்திருக்கக் கூடாதா? என் மனம் கிடந்து ஏங்குகிறதய்யா! அந்த வரப்பில் இன்னும் ஒரு முறை அவருக்குப் பின்னால் நடக்க மாட்டேனா?

ஒரு முறை அங்கேதான் சொல்லத் தொடங்கினேன். "அன்னைக்கு நேர்காணல்ல..." என்றேன். "பூ மூடிடப் போகுது சார், அப்புறம் பேசலாம், வாங்க" என்று முன்னே போய்விட்டார். நானும் அப்பாடா என்று விட்டுவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

நேற்று அவர் மகள் என்னிடம் சொன்னாள்: "அம்மா ஆரம்பத்துல தப்பா எண்ணிட்டாங்களாம் சார். அதனாலதான் மேல வர முடியலன்னு சொல்வாங்க." பெற்ற மகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை! மகளே, எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். உன் அம்மா தப்பாக எண்ணவில்லை. எண்ணியவன் நான். அந்தத் தாள்கள் இதோ, அத்தனையும் என் கையெழுத்து. இதை எழுதி, கையொப்பமிட்டு, கட்டுரை வந்த இதழுக்கும் துறைத்தலைவருக்கும் இன்று காலை கொடுத்துவிட்டேன்.

ஈயம்மாவின் பதினேழு ஆண்டு எண்ணிக்கை நிற்காது. இது என் உறுதிமொழி. நாளை காலை ஆறு மணிக்கு நான் வரப்பில் இருப்பேன். ஆனால் நான் எண்ணினால் போதாது, பக்கத்தில் நின்று சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். நீ வருவாயா, மகளே?